உதடு படாமல் குடித்த வைன்

பிள்ளைக்கு,

மேலே நீ சூட்கேஸ் அடுக்குகிற சத்தம் கேட்கிறது. அம்மா கடையில் நிற்கிறார். நான் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். பதின்மூன்று படி ஏறி வந்து நேரே சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். இரண்டு மாதமாக அந்தப் படிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உன் கதவைத் தட்டினால், "தேத்தண்ணி குடிக்கிறியோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். மூன்று தடவை அப்படித்தான் நடந்தது. உனக்கும் தேத்தண்ணீர் அலுத்திருக்கும். நாளை ஹீத்ரோவில் நீ உள்ளே போகும்போது இதைக் கையில் தருவேன், விமானத்தில் வாசி. வாசித்த கையோடு ரெலிபோன் எடுக்க முடியாத இடமாக அது இருப்பது எனக்கு வசதி.

விஷயம் ஜூன் மாதத்து அந்தப் பிற்பகல்தான். கிரேக்க வைன் ருசி பார்க்கிற மண்டபத்தில், உன் மேசைக்கு முன்னாலேயே நின்றுகொண்டு, உன்னை எனக்குத் தெரியாது என்று ஒருவரிடம் சொன்னேன். அது உன் காதில் விழுந்தது. விழுந்ததை நானும் பார்த்தேன், நான் பார்த்ததை நீயும் பார்த்தாய். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நாங்கள் இருவரும் மழையைப் பற்றியும், ரயில் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியும் மிகவும் மரியாதையாகக் கதைத்துக்கொண்டிருக்கிறோம். நீ சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நீ கிரேக்கத்துக்கு இரண்டு வருடம் போகிறாய். இதை இப்படியே விட்டால் இது இப்படியே இறுகிப்போய்விடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

என் தொழிலைப்பற்றி முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரெய்னர்ஸ் லேனில் இருபத்திரண்டு வருடமாக வைனும் பியரும் விற்கிற ஓஃப் லைசன்ஸ் கடை நடத்துகிறேன். அந்த ஜூன் மாதம் வரைக்கும் ஒரு சொட்டு வைன் என் வாயில் பட்டதில்லை. இதைக் கோயிலில் நாலு பேருக்கு முன்னால் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன். அதில் பெரிய கொள்கை ஒன்றும் கிடையாது. கடைச் சாமானில் கை வைக்கத் தொடங்கினால் கடை மிஞ்சாது என்ற பயம்தான். வாடிக்கையாளர் "எது நல்லது?" என்று கேட்டால், எந்த அலுமாரித் தட்டு அடிக்கடி காலியாகிறதோ அதைக் காட்டுவேன். "மீனோடு நன்றாகப் போகும்" என்று ஒரு வசனம் வைத்திருந்தேன், அதை அநேகமாக எல்லா வெள்ளை வைனுக்கும் பாவித்தேன். மீன் எப்படி இருக்கும் என்றே தெரியாத சைவக்காரன் ஒருவன் மீனுக்கு எந்த வைன் பொருந்தும் என்று இந்த ஊருக்கு இத்தனை வருடம் ஆலோசனை சொல்லியிருக்கிறான். அவர்களும் கேட்டுக்கொண்டு போனார்கள்.

உனக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது, பக்கத்துத் தெருவில் இருந்த அந்தப் பள்ளிக்கூட ஆசிரியை ஒரு போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? இது பழுதாகிவிட்டது என்று அவர் சொன்னார். நான் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தலையை ஆட்டி, அந்த நாட்டு வைன் அப்படித்தான் இருக்கும் என்றேன். நீ கல்லாவில் நின்றாய். போத்தலை வாங்கி ஒரு தடவை மூக்கருகில் வைத்துவிட்டு, "அப்பா, இது வெயில்ல அவிஞ்சுபோச்சு. ஜன்னல்ல அடுக்கினதெல்லாம் இப்பிடித்தான் இருக்கும்" என்றாய். அவருக்கு விளங்காமல் தமிழில் சொன்னாயே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. பெட்டைப்பிள்ளை போத்தலை மணந்து பார்க்கிறாள், அதுவும் சரியாகக் கண்டுபிடிக்கிறாள் என்ற கோபம். அந்த ஆசிரியைக்கு வேறு போத்தல் கொடுத்து அனுப்பியது நீ. நான் பின்னால் போய்ப் பெட்டிகளை எண்ணுகிற மாதிரி நின்றேன். ஜன்னலில் அடுக்குவதை மட்டும் அடுத்த வாரமே நிறுத்திவிட்டேன். நீ சொல்லித்தான் நிறுத்தினேன் என்று உனக்குச் சொன்னதில்லை.

பிறகு நீ இரசாயனம் படித்தாய். அது எனக்குச் சொல்லிக்கொள்ள வசதியான படிப்பாக இருந்தது. படித்து முடித்து வைன் இறக்குமதிக் கம்பனி ஒன்றில் சேர்ந்தாய். ஆட்கள் கேட்டால், "இறக்குமதிக் கம்பனியிலை வேலை" என்பேன். எதை இறக்குகிறார்கள் என்று யாரும் கேட்கும் முன்பே அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுவேன். நீ ஒருநாள் என்னை மடக்கினாய். "அப்பா, நீங்கள் விக்கிறதும் அதுதானே?" என்றாய். பதில் என்னிடம் இருந்தது, அது வடிவான பதில் இல்லை. ஊரில் கள் இறக்கியவர்களை எங்கள் வீட்டுப் படலைக்கு வெளியே நிறுத்தி வைத்துத்தான் நாங்கள் கதைத்தோம். அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும்போதும் கைக்குள்தான் ஊற்றினோம், செம்பைக் கொடுப்பதில்லை. அந்தப் பழக்கத்தை நான் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். மூடி இறுக்கி, லேபல் ஒட்டி வருவதைத் தட்டில் அடுக்கி விற்றால் அது வியாபாரம். அதையே ஒருத்தி கையால் ஊற்றிக் கொடுத்தால், தோட்டத்தில் இறங்கி முந்திரிகைப் பழத்தை நசித்து வைன் செய்யப் போனால், அது வேறு ஆட்களின் வேலை. இதுதான் என் மனதில் கிடந்தது. எழுதிப் பார்க்கும்போது இன்னும் அசிங்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது இதுதான்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். வேலையில் சேர்ந்த புதிதில், உன் பெயருக்குப் பின்னால் வருகிற என் பெயர் வெள்ளைக்காரருக்கு வாயில் வருவதில்லை, பாதியாக வெட்டிப் போடட்டுமா என்று கேட்டாய். நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "என்ர பேரை வெட்டாதை. முழுசா எழுத ஏலாதெண்டால் எழுதவே வேண்டாம்" என்றேன். நீ ஒரு எழுத்தும் குறைக்காமல் முழுதாகவே எழுதினாய்.

ஜூன் மாதத்தில் உன் கம்பனி கிரேக்க வைன்களுக்கென்று ஒரு பிற்பகல் ஒதுக்கியது. கடைக்காரர், ரெஸ்ரோரன்ட்காரர் எல்லாருக்கும் அழைப்பு. எனக்கும் ஒன்று தபாலில் வந்தது, கடைப் பெயருக்கு. நீ அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, "அப்பா, ஜஸ்ட் கம்" என்று மட்டும் சொன்னாய். இலையுதிர் காலத்து அறுவடையிலிருந்து இரண்டு வருடம் வைன் செய்யப் பழகக் கிரேக்கத்துக்கு வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் என்பதை அதற்கு முன் வாரம்தான் சொல்லியிருந்தாய். நீ என்னிடம் அனுமதி கேட்கவில்லை. இருபத்தாறு வயதில் கேட்கவும் தேவையில்லை. நீ செய்கிற வேலையை ஒரு தடவை வந்து பாருங்கள் என்றுதான் கேட்டாய். நான் வருகிறேன் என்றேன், ஒரு நிபந்தனையோடு. "அங்கை எங்கட கடைக்காரரும் வருவினம். என்னை அப்பா எண்டு கூப்பிடாதை." "ஓகே அப்பா" என்றாய். அந்த 'அப்பா'வை நீ கொஞ்சம் அழுத்திச் சொன்ன மாதிரி இருந்தது.

கலியாண வீட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன். வாசலில் எல்லோருக்கும் பெயர் எழுதிய அட்டை ஒன்றை நெஞ்சில் குத்தச் சொல்லித் தந்தார்கள். நான் என்னுடையதைப் பொக்கற்றுக்குள் வைத்தேன், புத்திசாலித்தனம் என்று நினைத்து. கையில் ஒரு கிளாஸும் ஒரு கொப்பியும் கொடுத்தார்கள். நீ நீளமான மேசைக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையோடு நின்றாய். என்னைக் கண்டதும், எல்லோருக்கும் சொல்கிற மாதிரியே, "குட் ஆஃப்டர்நூன், சேர்" என்றாய். நான் உனக்குச் சொல்லித் தந்த நாடகத்தை என்னைவிட நீ நன்றாக நடித்தாய்.

முதலில் வெள்ளை வைன்கள், அசிர்திகோவிலிருந்து. சந்தொரினி என்கிற தீவில் காற்று அடித்துக்கொண்டே இருக்குமாம், அதனால் கொடியைப் பந்தலில் ஏற்றாமல் நிலத்தோடு கூடைபோல வளைத்து விடுவார்களாம், பழம் கூடைக்குள் ஒளிந்து வளருமாம். நீ ஆங்கிலத்தில் விளக்கியபோது உன் கைகள் அந்தக் கூடையைக் காற்றில் பின்னின. அடுத்தது மொஸ்கோஃபிலெரோ, ரோசாப்பூ மணம் என்றாய். மலகுசியா என்ற ஒன்று அழிந்துபோகிற நிலைக்கு வந்து, எவரோ காப்பாற்றிவிட்ட இனம் என்றாய். இவையெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை இல்லை, அந்தந்த ஊர் மண்ணிலேயே காலங்காலமாகக் கிடக்கிற பழங்கள் என்றாய். நான் என்னையறியாமல் ஒவ்வொன்றுக்கும் "எந்த ஊர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊரைச் சொன்னாய். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

கெட்டது என் வாயால். கொப்பியில் எழுதுவதற்காக கிளாஸை மேசை ஓரத்தில் வைத்தேன். திரும்பிப் பார்த்தால் அங்கே நாலு கிளாஸ், எல்லாம் ஒரே மாதிரி. ஒன்றை எடுத்தேன். என்னுடையதோ, வேறு யாருடைய எச்சிலோ, தெரியவில்லை. நீ ஊற்றினாய். நான் பிறந்ததிலிருந்து செய்து வந்ததைச் செய்தேன். தலையைப் பின்னால் சாய்த்து, நாடிக்குக் கீழே இடது கையைப் பிடித்து, உதடு படாமல் அண்ணாந்து வாய்க்குள் விட்டேன். மண்டபத்தில் எல்லோரும் மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு மணந்துகொண்டிருந்தார்கள். என் மூக்கு மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மணமும் எனக்குப் பிடிபடவில்லை. அண்ணாந்தால் எப்படிப் பிடிபடும்? மற்றவர்கள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு வாளியில் துப்பினார்கள். உனக்கு முன்னால் துப்ப எனக்குக் கூச்சமாக இருந்தது, எல்லாவற்றையும் விழுங்கினேன்.

அப்போதுதான் குலசிங்கம் அண்ணை வந்தார். சவுத்தாலில் ரெஸ்ரோரன்ட் வைத்திருக்கிறவர், எனக்கு அதற்கு முன் பழக்கமில்லை. "தம்பி யாழ்ப்பாணமோ? வைனை அண்ணாந்து குடிக்கிற ஆள் வேற ஆர்? அந்தக் கோடியில நிண்டு பாத்திட்டுத்தான் வந்தனான்" என்றார். நான் சிரித்து, என் பெயரைச் சொன்னேன். ஊரில் போர் முடிந்த இந்த வருடம் எங்கள் ஆட்கள் யாரைச் சந்தித்தாலும் முதலில் கேட்பதையே அவரும் கேட்டார். "உம்மட ஆக்கள் எல்லாரும் இருக்கினமோ?" இருக்கிறார்கள் என்றேன். அவருடைய தம்பி குடும்பத்தைப் பற்றி ஏப்ரலுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை என்றார். முகாம்களிலிருந்து வருகிற பட்டியல்களில் தேடுகிறாராம். அதைச் சொல்லிவிட்டு, வேறு எதையாவது கதைக்க வேண்டும் என்பதுபோல உன் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பிள்ளை எங்கட பிள்ளை போல கிடக்கு. எவ்வளவு வடிவா விளங்கப்படுத்துறா. ஆற்றை பிள்ளையெண்டு தெரியுமோ?"

"தெரியேல்லை அண்ணை. இஞ்சை பிறந்ததுகளை எங்கை தெரியுது" என்றேன்.

நீ அந்த நேரம் போத்தலின் கழுத்தைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றாய். துடைப்பது ஒரு கணம் நின்றது. பிறகு நிமிர்ந்து, ஆங்கிலத்தில், "சிவப்புப் பக்கம் போவமா, சேர்?" என்று என்னைக் கேட்டாய். எனக்கு ஊற்றியது, மற்ற எல்லோருக்கும் ஊற்றிய அதே அளவு. அது சினோமாவ்ரோ, நீ இப்போது போகிற நௌசாவின் பழம். அந்தப் பெயருக்குப் புளிப்பும் கறுப்பும் என்று பொருள் என்றாய். ஊரில் ஆட்களுக்கு வைக்கிற பட்டப்பெயர் மாதிரி இருக்கிறதே என்று வேறு நாளாக இருந்தால் சொல்லியிருப்பேன். அதையும் அண்ணாந்துதான் விட்டேன். பச்சைப் பாக்கைக் கடித்ததுபோல நாக்கு இழுத்தது, கொஞ்சம் சட்டைக் கழுத்தில் கொட்டியது. அந்தக் கறையை அம்மா மூன்று தரம் தோய்த்தும் போகவில்லை. அத்தனை பேர் தங்கள் பிள்ளைகளின் பெயரைப் பட்டியல்களில் தேடிக்கொண்டிருந்த மாதத்தில், கை எட்டும் தூரத்தில் நின்ற பிள்ளையை எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு ரயில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வாரம் உன் கம்பனிக்கு நானே ரெலிபோன் பண்ணி அசிர்திகோவும் சினோமாவ்ரோவும் ஒவ்வொரு பெட்டி எடுத்தேன். நீ கடைக்கு வந்தபோது தட்டைப் பார்த்தாய். நான் அதைச் சமாதானம் என்று கணக்குப் பண்ணிக்கொண்டேன். போத்தல் வாங்கினால் சொன்ன சொல் திரும்பி வந்துவிடுமா என்ன?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை குலசிங்கம் அண்ணை கடைக்கு வந்தார். ஹரோவில் யாரையோ பார்க்க வந்தவர், வழியில் இறங்கினாராம். தட்டைப் பார்த்து, "கிரேக்கச் சாமானும் வைச்சிருக்கிறீர். ஆர் தெரிஞ்சு தந்தது?" என்று கேட்டார். எனக்கு அந்த ஒரு நிமிடம் வாய் வந்தது. "என்ர மகள். அண்டைக்கு நீங்கள் கேட்ட பிள்ளை" என்றேன்.

"தெரியும்" என்றார் அவர்.

போத்தலைத் திருப்பித் திருப்பி லேபலைப் பார்த்துக்கொண்டு ஆறுதலாகச் சொன்னார். "நான் உம்மட்டை வாறதுக்கு முந்தியே அந்தப் பிள்ளை ஒருக்கால் தண்ணி குடிச்சதைக் கண்டனான். மற்ற வேலையெல்லாம் மூக்கை விட்டு மணந்துதான் செய்யிறா. தண்ணிப் போத்தலை மட்டும் அண்ணாந்து, நாடிக்குக் கீழ இடக்கையைப் பிடிச்சு. பிறகு பாத்தா நீரும் அப்பிடியே. சரி, ஊர்ப்பழக்கம் எண்டு விட்டாலும், நீர் உம்மட பேரைச் சொன்னீர். அந்தப் பேர் அந்தப் பிள்ளையின்ர நெஞ்சில முழுசாக் குத்திக் கிடந்தது."

போய்க் கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற ஸ்டூலில் இருந்தேன். வெட்டாதே என்று நான் சண்டை பிடித்த பெயர். என் அட்டையைப் பொக்கற்றுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, உன் அட்டையில் நான் பெரிய எழுத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறேன். அந்த மண்டபத்தில் எந்த வெள்ளைக்காரனுக்கும் அது தெரிந்திருக்காது. தகப்பன் பெயர் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் நிற்கும் என்று தெரிந்த ஒரே ஒரு ஆளிடம் போய்த்தான் நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

"தெரிஞ்சு கொண்டு ஏன் அண்ணை கேட்டனீங்கள்?" என்றேன்.

"நீர் சொல்லுவீர் எண்டு நினைச்சன். என்ர பிள்ளைதான் எண்டு ஒரு ஆள் சொல்லிறதைக் கேக்க வேணும் போல இருந்தது." பட்டியல்களில் இன்னும் ஒன்றும் வரவில்லை என்றார். சினோமாவ்ரோ ஒன்று வாங்கினார். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று பின்னேரம் ஒரு வைன் கிளாஸ் வாங்கி வந்தேன். ஞாயிறு மத்தியானம், நீ வீட்டில் இல்லாத நேரம், இதே மேசையில் ஒரு சினோமாவ்ரோப் போத்தலைத் திறந்தேன். அம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார். "அறுபது வயசில பழகப் போறியளோ? நல்லா இருக்கு" என்றார். நான் கிளாஸை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன், கை தானாக மேலே தூக்கப் பார்த்தது, இறக்கினேன். மூக்கை உள்ளே விட்டேன். முதலில் ஸ்பிரிட் மணம் மட்டும்தான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. அப்போது வந்தது, நீ அன்றைக்குச் சொன்ன காய்ந்த தக்காளி, அதற்குப் பின்னால் ஏதோ ஒரு மண். பிறகு உதட்டை வைத்துக் குடித்தேன். அம்மா, "எனக்கும் ஒருக்காத் தாங்கோ" என்று அதே கிளாஸை வாங்கினார். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, "ஐயோ, கயருது" என்றார். நான் திரும்ப வாங்கி, அவர் உதடு பட்ட இடத்திலேயே குடித்தேன். முப்பத்தொரு வருடக் கலியாணத்தில் இது முதல் தடவை. இதை உனக்கு எழுதுகிறேன் என்று அவருக்குச் சொல்லாதே.

தகப்பன் கடிதம் எழுதினால் புத்திமதி இல்லாமல் முடிக்கக்கூடாது என்று நினைக்கிறேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி விற்காதே. தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லாதே. முதலாவதை நான் இருபத்திரண்டு வருடம் செய்தேன், அது என்னை ஒருநாளும் கரைச்சல் படுத்தவில்லை. இரண்டாவதை ஒரே ஒரு தடவை செய்தேன். பழத்தை எந்த ஊர் என்று கேள், அது உன் தொழில். உன்னோடு தோட்டத்தில் நிற்கிற ஆட்களை அப்படிக் கேட்காதே. யாரைப் படலைக்கு வெளியே நிறுத்துவது என்று அறியத்தான் நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டோம். குளிர் வந்தால் காதை மூடு, அங்கே வடக்கில் பனி விழுமாம்.

நான் சொன்னது பொய், பிள்ளை. நீ என்னால்தான் வெட்கப்பட்டிருப்பாய், உன்னால் எனக்கு ஒரு வெட்கமும் வந்ததில்லை. எனக்குள் கிடந்த வெட்கம் நீ பிறக்க முன்பே இருந்தது. அதை உன் தலையில் வைத்தேன். நௌசாவில் என் பெயர் யாருக்கும் வாயில் வராது, வெட்ட வேண்டுமென்றால் வெட்டு. இந்தத் தடவை கோப்பையைத் தள்ள மாட்டேன். அங்கே யாராவது உன் தகப்பன் யார் என்று கேட்டால், உனக்கு என்ன வருகிறதோ அதைச் சொல். தெரியாது என்று சொன்னாலும் நான் கோபிக்க மாட்டேன். எனக்கு நோகும், அது எனக்கு வேண்டியதுதான்.

விமானத்தில் வாசி என்று மேலே எழுதிவிட்டேன், வேண்டாம், பதின்மூன்று படியும் ஏறி இதை இன்றிரவே உன் கதவுக்குக் கீழே தள்ளிவிடுகிறேன். நாளைக்கு ஹீத்ரோவில் கூட்டமாக இருக்கும், எங்கள் ஆட்களும் நிற்பார்கள். உள்ளே போகிற இடத்தில் ஒருக்கால் திரும்பி, சத்தமாக, அப்பா என்று கூப்பிடு.

உன் பெயருக்குப் பின்னால் நிற்கிற,
அப்பா